ஐந்து இயந்திரங்களை நான் அணைத்த நவமி

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாகத் தள்ளிப்போட்டு வந்தேன். இரண்டு தரம் நோட்டை எடுத்து, மேலே பிள்ளையார் சுழி போட்டு, அதற்கு மேல் ஓடாமல் மூடி வைத்திருக்கிறேன். படிப்பு குறைவு என்பது ஒரு காரணம். நான் ஐ.டி.ஐ. ஃபிட்டர். இன்னொரு காரணம், இதில் நான் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். நெற்றியில் திருநீறு இல்லாமல் வாசல் படி தாண்டாதவன் நான். சொந்தக்காரர்கள் இந்தக் கதையை இரண்டு விதமாகச் சொல்லிச் சிரிக்கிறார்கள். இரண்டிலும் அந்தப் பொய் இல்லை. அதனால்தான் கடைசியில் எழுத உட்கார்ந்தேன்.

பூனாவில் போசரியில் இருந்தோம். லேத் பட்டறைகள் வரிசையாக இருக்கும் பகுதியில் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவன், அங்கேயே வீடு வாங்கி, அங்கேயே ஸ்கூட்டர் வாங்கி, மின்சாரம் நின்றால் 'லைட் போச்சு' என்று மராட்டிக்காரர்கள் மாதிரியே பேசப் பழகிவிட்டேன். இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் கழித்து என் மைத்துனன், அதாவது வீட்டுக்காரியின் தம்பி, எங்களோடு வந்து தங்கினான். ஹடப்சரில் ஒரு கம்ப்யூட்டர் ஆபீஸில் நல்ல வேலையில் இருந்தவன். ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு, ஒரு பெரிய கறுப்புப் பெட்டியையும் ஒரு திரையையும் ஆட்டோவில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினான்.

எதற்கு விட்டாய் என்று கேட்டேன். சொன்னான். எனக்குப் புரியவில்லை. மறுபடி சொன்னான். அப்போதும் புரியவில்லை.

நான் புரிந்துகொண்டது இதுதான். அந்த ஒரு பெட்டிக்குள் ஐந்து கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. திறந்து பார்த்தால் இருக்காது. ஆனால் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தான்தான் தனி இயந்திரம் என்று நம்பி வேலை செய்கிறது. ஒன்று நின்றால் மற்ற நான்குக்கும் தெரியாது. இந்த ஐந்தையும் எழுப்புவது, நிறுத்துவது, எது ஓடுகிறது எது ஓடவில்லை என்று ஒரே திரையில் காட்டுவது, இதற்கு ஒரு மென்பொருள் வேண்டும். அதைத்தான் அவன் எழுதிக்கொண்டிருந்தான்.

"உங்க பட்டறையில மேஸ்திரி இருப்பாருல்லா அத்தான், அது மாதிரிதான். ஆள் யாரு வந்திருக்கா, எந்த மிஷின்ல நிக்கான், எல்லாம் அவரு ரிஜிஸ்தர்ல இருக்கும்லா" என்றான்.

மேஸ்திரி என்றதும் கொஞ்சம் பிடி கிடைத்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்த மென்பொருளுக்கு மேஸ்திரி என்றே பேச்சு. "மேஸ்திரி இன்னிக்கு எப்படி?" என்று நான் கேட்பேன். "நல்லாருக்காரு, ஆனா பேச்சுக் கேக்க மாட்டேங்காரு" என்பான்.

புரியாத இன்னொன்று, அவன் அதை விற்கப் போவதில்லை. உள்ளே எழுதிய ஒவ்வொரு வரியையும் ஊர் உலகத்துக்குத் திறந்து காட்டி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றிக்கொள்ளலாம் என்று உரிமையும் எழுதிக் கொடுத்து, இணையத்தில் வெளியிடப் போகிறான். கொடுப்பது எனக்குப் புரிந்தது. கோவிலில் அன்னதானம் போடுகிறோம். ஆனால் சாப்பிட வருகிறவன் அடுப்படிக்குள் வந்து சாம்பாரில் கை வைக்கலாம் என்று எந்தக் கோவிலிலும் சொல்லக் கேட்டதில்லை. இதைச் சொன்னபோது அவன் சிரித்தான். "வைக்கட்டும் அத்தான். உப்பு கம்மின்னு அவனுக்குத்தான் தெரியும்" என்றான்.

ஊரில் என் மாமனாருக்கு இது எதுவும் ஏறவில்லை. தாலுகா ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். மகன் வேலையை விட்டது அவருக்கு மானப் பிரச்சினை. போனில் பேசிப் பேசி ஒரு கெடு வைத்தார். விஜயதசமிக்குள் அதை முடித்து வெளியிட்டால் மேற்கொண்டு ஒரு வருஷம் அவனை ஒன்றும் கேட்கமாட்டார். இல்லையென்றால் மறு பேச்சில்லாமல் வேலைக்குத் திரும்பிவிட வேண்டும். இவனும் சரி என்று வாக்குக் கொடுத்தான். விஜயதசமி என்று நாள் குறித்தது நான்தான். எதைத் தொடங்கினாலும் அன்றைக்குத் தொடங்கினால் நல்லது என்று இடையில் புகுந்து சொன்னேன்.

கடக்வாஸ்லா போகும் வழியில் இருந்த ஒரு கல்லூரியில் ஒரு வாத்தியார், வெளியான அன்றே மாணவர்கள் வேலை செய்யும் கணினிகளை இந்த மேஸ்திரியிடம் ஒப்படைப்பதாகச் சொல்லியிருந்தார். பிள்ளைகள் ஒரு வருஷம் உழைத்துச் செய்த வேலையெல்லாம் அதற்குள் இருக்கும். ஒரே நிபந்தனை. ஐந்து இயந்திரங்களும் நிற்காமல் மூன்று வாரமாவது ஓடியிருக்க வேண்டும். இவன் கணபதி விசர்ஜனத்தன்று அதை ஓடவிட்டான். வெளியே தெருவெல்லாம் டோல் தாஷா மேளம் அடித்துக்கொண்டு ஊர்வலம் போகிறது, உள்ளே இவன் திரையில் ஐந்து பச்சைப் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அந்த வருஷங்களில் பூனாவில் மின்வெட்டு அதிகம். வியாழக்கிழமை மின்சாரம் இல்லை என்று எங்கள் தொழிற்பேட்டைக்கே லீவு விட்டுவிடுவார்கள். அதனால் இரண்டு பேட்டரி வைத்த இன்வர்ட்டர் ஒன்றை அந்தப் பெட்டிக்கென்றே வாங்கிப் போட்டிருந்தான். மின்வெட்டு வந்தால் எங்களுக்கு ஃபேன் நிற்கும். மேஸ்திரிக்கு நிற்காது. "எங்க வீட்டுல பிள்ளையாருக்கும் மேல அந்தப் பொட்டிக்குத்தான் மரியாதை" என்று என் வீட்டுக்காரி சொல்லுவாள்.

மூன்று வாரம் தாண்டிவிட்டது. நவமி வந்தது.

எங்கள் பட்டறையில் அதை கண்டே நவமி என்பார்கள். எல்லா மிஷினையும் துடைத்து, செண்டுப் பூ மாலை போட்டு, தேங்காய் உடைத்து, பேடா கொடுத்து, மதியத்துக்குள் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வீட்டில் எங்களுக்கு ஆயுத பூஜை. என்னுடைய ஸ்பேனர்கள், வெர்னியர், ஸ்கூட்டர், வீட்டுக்காரியின் தையல் மிஷின், மகளின் பள்ளிப் புத்தகங்கள். பூஜையில் வைத்ததை மறுநாள் காலை வரை தொடக்கூடாது. ஒரு நாள் அவையும் உட்காரட்டும் என்பதுதான் கணக்கு. மைத்துனன் காலையிலேயே கல்லூரிக்குப் போய்விட்டான், மறுநாளைக்கு அங்கே எல்லாம் தயாராக வைக்க.

பெட்டிக்கும் பொட்டு வைக்கப் போனேன். சந்தனக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதன் முன்னால் நின்றபோதுதான் குழப்பம் வந்தது. ஒரு பொட்டா, ஐந்து பொட்டா? உள்ளே ஐந்து இருக்கிறது என்கிறான். யோசித்து ஐந்தாகவே வைத்தேன். மேஸ்திரிக்கு என்று ஆறாவதாக ஒன்று, கொஞ்சம் பெரிதாக. வைத்தபோது பெட்டி உள்ளே சூடாக உறுமிக்கொண்டிருந்தது. பிள்ளையார் விசர்ஜனத்திலிருந்து ஒரு நிமிஷம் ஓயவில்லை. ஓடுகிற மிஷினுக்குப் பூஜை போடுவது எங்கள் தொழிலில் கிடையாது. மனசு கேட்கவில்லை.

"அவன் பொட்டியத் தொடாதீய. சொன்னாக் கேளுங்க" என்று வீட்டுக்காரி அடுப்படியிலிருந்து சொன்னாள். சுண்டலுக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். பொட்டு மட்டும்தான் வைக்கிறேன் என்று பதில் சொல்லிக்கொண்டே, இன்வர்ட்டரிலிருந்து பெட்டிக்கு வரும் சுவர் சுவிட்சை அணைத்தேன். லேத்தை அப்படித்தான் அணைப்போம். உறுமல் நின்றது. பெட்டியில் இருக்கிற பொத்தானை அமுக்கினால்தான் எழும் என்று தெரியும், சுவிட்சைத் திரும்பப் போட்டுவைத்தேன். எனக்கு ஒரு நிம்மதி. ஒரு நாள் தூங்கி எழுந்தால் நாளைக்கு நல்லபடியாக வெளியே போகும் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். கற்பூரம் காட்டிவிட்டுச் சுண்டல் சாப்பிட்டேன்.

விளக்கேற்றும் நேரத்துக்கு அவன் வந்தான். செருப்பைக் கழற்றும்போதே சத்தம் இல்லாதது அவனுக்குத் தெரிந்துவிட்டது. திரையைப் பார்த்தான். பெட்டியைப் பார்த்தான். ஆறு பொட்டையும் பார்த்தான். என்ன ஆச்சு அத்தான் என்று கேட்டான்.

அவன் முகத்தைப் பார்த்தேன். "லைட் போச்சு மாப்ளே" என்றேன்.

லைட் போனால் இன்வர்ட்டர் எடுக்கணுமே என்றான். எடுக்கவில்லை போலிருக்கிறது என்றேன். ஒரு பொய்க்குத் துணையாக இன்னொன்று. என் வீட்டுக்காரி அடுப்படி வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். அன்று மதியம் எங்கள் தெருவில் மின்சாரம் போகவே இல்லை என்பது அவளுக்குத் தெரியும். திரும்பி அடுப்படிக்குள் போனாள். அவள் சொல்லியிருந்தால் எனக்கு நல்லதாக இருந்திருக்கும்.

பூஜையில் வைத்ததைக் காலையில்தான் தொடணும் என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். அவன் கேட்கவில்லை. பெட்டியை எழுப்பினான். திரையில் ஐந்து புள்ளியும் பச்சையாக வந்தன. அப்பாடா என்று எனக்கு மூச்சு வந்தது. அவனுக்கு வரவில்லை. எதுவுமே ஓடவில்லை, ஆனால் ஓடுகிறது என்று காட்டுகிறது என்றான். கொஞ்ச நேரத்தில் மேஸ்திரி தானாகவே மூன்றாவது இயந்திரத்தை எழுப்பினார். பிறகு எழுப்பியதை மறந்து இன்னொரு தரம் எழுப்பினார். ஒரே இயந்திரம் இரண்டாக ஓடியது. இரண்டும் ஒரே கோப்புகளில் எழுதின. அவன் பதறி நிறுத்துவதற்குள் மூன்றாவது இயந்திரத்தில் இருந்ததெல்லாம் குழம்பிப் போயிருந்தது.

பிற்பாடு எனக்கு அவன் விளக்கினான். மேஸ்திரியின் ரிஜிஸ்தரில் ஐந்து பேரும் வேலைக்கு வந்திருப்பதாக எழுதியிருக்கிறது. திடீரென்று பட்டறையே இருட்டாகிவிட்டது. எல்லோரும் போய்விட்டார்கள். வெளிச்சம் வந்ததும் மேஸ்திரி நேரில் போய்ப் பார்க்காமல் ரிஜிஸ்தரைப் பார்த்து, எல்லோரும் இருக்கிறார்கள் என்கிறார். அதே நேரம் மிஷின் சும்மா நிற்கிறதே என்று ஆளும் அனுப்புகிறார். ஒரே இரும்புத் தண்டை இரண்டு ஃபிட்டர்கள், ஒருவனுக்கு ஒருவன் தெரியாமல், அளந்து அளந்து வெட்டுகிற மாதிரி. அந்த உவமை மட்டும் எனக்கு நன்றாகப் புரிந்தது. அப்படி வெட்டிய தண்டை நான் பார்த்திருக்கிறேன். குப்பைக்குத்தான் போகும்.

காலையில் நான் எழுந்து வந்தபோது, விஜயதசமி அன்று, அவன் இன்வர்ட்டரைக் கழற்றி செய்தித்தாளில் பரப்பி வைத்திருந்தான். முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. காரணம் கண்டுபிடித்துவிட்டதாகச் சொன்னான். இன்வர்ட்டர் ஒழுங்காக எடுக்காமல் விட்டு விட்டு, மூன்று நான்கு தரம் மின்சாரம் போய் வந்திருக்க வேண்டும். அந்தத் துடிப்பில்தான் மேஸ்திரி குழம்பியிருக்கிறார். கல்லூரியில் பெரிய பேட்டரி ஏற்பாடு இருக்கிறது, அங்கே அப்படி நடக்காது. ஆகவே தப்பு இன்வர்ட்டர் மேல். சாயங்காலத்துக்குள் வெளியிட்டுவிடலாம்.

நான் ஆமாம் ஆமாம் என்றேன். வெளியிடு, நல்ல நாள், மேஸ்திரி மேல் தப்பில்லை என்று நானே தைரியம் வேறு சொன்னேன். இதுதான் எழுதக் கூசிய இடம். சுவிட்சை அணைத்தது அறியாமை. இது அறியாமை இல்லை.

பிறகும் மனசு அரித்தது. சும்மா கேட்கிற மாதிரி ஒன்று கேட்டேன். விட்டு விட்டு வராமல், ஒரேயடியாக ஒரு தரம் லைட் போய், ஒரு தரம் வந்திருந்தால்?

அவன் திருகாணியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அப்படின்னா தப்பு எம்மேல அத்தான். அத வெளிய விட முடியாது. எங்கயோ ஒருத்தன் நம்பிப் போடுவான், அவன் வீட்டுலயும் ஒரு நாள் லைட் போகும்."

குளிக்கப் போனேன். இரண்டு தரம் தண்ணீர் ஊற்றிக்கொண்டேன். பிள்ளையார் முன்னால் நின்றேன். சொன்னால் அவனுடைய கெடு தவறும், கிடைக்க இருந்த ஒரு வருஷம் போகும், மாமனார் சொன்னது நடக்கும். சொல்லாவிட்டால் இன்று சாயங்காலம் அவன் ஜெயிப்பான். அந்தக் கல்லூரிப் பிள்ளைகளில் ஒரு முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை. எங்கோ இருக்கிற ஒருத்தன், எப்போதோ போகப் போகிற லைட். அதற்காக வீட்டில் இருக்கிறவனைக் கவிழ்ப்பதா? இந்த மென்பொருள் விஷயத்தில் சரி எது தப்பு எது என்று சொல்ல எனக்கு என்ன படிப்பு இருக்கிறது? பிள்ளையார் பேசாமல் இருந்தார். அவர் எப்போது பேசியிருக்கிறார்.

நெற்றியில் திருநீறு பூசப் போன கை நின்றுவிட்டது. பூசாமலே வந்தேன்.

"மாப்ளே, லைட் போகல்ல. நாந்தான் சுவிச்ச அணைச்சேன். ஒரே தரம்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். கோபப்படுவான் என்று நினைத்தேன். பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். திருகாணிகளை ஒவ்வொன்றாக மறுபடி இன்வர்ட்டரில் முடுக்கினான். பெட்டியை எழுப்பினான். ஐந்தையும் ஓடவிட்டான். பிறகு என்னைக் கூப்பிட்டான்.

"அணைங்க அத்தான். நேத்து எப்படி அணைச்சியளோ, அப்படியே."

அணைத்தேன். எழுப்பினான். ஐந்து பச்சைப் புள்ளிகள் வந்தன, ஐந்தும் பொய். இந்தத் தரம் மேஸ்திரி நான்காவதை இரண்டு தரம் எழுப்பினார்.

அவனே மாமனாருக்குப் போன் போட்டு, முடியவில்லை, வேலைக்குப் போகிறேன் என்று சொன்னான். என் பேரை எடுக்கவில்லை. நான்தான் போனை வாங்கி நடந்ததைச் சொன்னேன். அணைத்தது புரிகிறது என்றார் மாமனார். அதைப் போய் ஏன் சொன்னீங்க என்றார். பிறகு, "நீங்க யாரு பக்கம் மாப்பிள்ளை?" என்று கேட்டார். கிண்டலா, நிஜமாகவே கேட்டாரா, இன்றுவரை தெரியாது. அவர் நினைத்ததுதானே நடந்தது? அப்புறம் ஏன் அந்தக் குரல் அப்படித் தாழ்ந்திருந்தது? சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரர்கள் தசரா வழக்கப்படி ஆப்டா இலை கொண்டுவந்து, தங்கம் என்று சொல்லி எங்கள் கையில் கொடுத்தார்கள். அவனும் வாங்கிக்கொண்டான்.

தீபாவளி கழிந்து ஹடப்சரில் ஒரு ஆபீஸில் சேர்ந்தான். சேர்ந்தாலும் பெட்டி எங்கள் வீட்டிலேயே இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து எழுதுவான். எனக்கு ஒரு வேலை கிடைத்தது. "அத்தான், அணைங்க" என்பான். நான் போய் அணைப்பேன். எத்தனை தரம் என்று கணக்கில்லை. சில நேரம் எப்போது என்று சொல்லாமலே அணைக்கச் சொல்லுவான். காபி குடித்துக்கொண்டே போய் அணைத்துவிட்டு வருவேன். ஒவ்வொரு தரமும் முருகா என்று சொல்லித்தான் அணைத்தேன். வீட்டுக்காரிக்குச் சிரிப்பு. "ஊரு உலகத்துல விளக்கு ஏத்துததுக்கு அத்தானக் கூப்பிடுவாங்க. எங்க வீட்டுல அணைக்கதுக்குக் கூப்பிடுதான்" என்றாள்.

மாசக் கணக்கில் ஆனது. கடைசியில் மேஸ்திரி மாறினார். இருட்டு போய் வெளிச்சம் வந்ததும் ரிஜிஸ்தரை நம்புவதில்லை. ஐந்து புள்ளியும் மஞ்சளாக வரும். மஞ்சள் என்றால் தெரியவில்லை என்று அர்த்தம். ஒவ்வொன்றாக நேரில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் பச்சை போடுவார். பார்த்தும் தெரியாவிட்டால் மஞ்சளாகவே விட்டுவிட்டு மனுஷனைக் கூப்பிடுவார். அந்த மஞ்சள் எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. தெரியாது என்று சொல்ல அதற்குத் தெரிந்துவிட்டது.

வெளியிட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். விசேஷம் ஒன்றும் இல்லாத நாள். காலண்டரைப் பார்த்தேன், ராகு காலம். ஆறு மணி வரை பொறு என்று சொல்ல வாய் வரை வந்தது. நாள் குறிக்கிற யோக்கியதை எனக்கு இல்லை என்று பேசாமல் இருந்தேன். அவன் ஒரு பொத்தானை அமுக்கினான். அவ்வளவுதான். கூட வைத்த குறிப்பில் நன்றி என்று போட்டு, சரியான நேரத்தில் சுவிட்சை அணைத்த என் அத்தானுக்கு என்று எழுதியிருப்பதாகப் படித்துக் காட்டினான். சரியான நேரமா அது? கேட்டேன். சிரித்தான்.

கல்லூரி வாத்தியார் அதற்குள் வேறு ஏதோ போட்டுக்கொண்டுவிட்டார். ஆனால் பேர் தெரியாத ஊர்களிலிருந்து கடிதங்கள் வந்தன. ஒருவர், தன் இடத்தில் மின்சாரம் போய் வந்ததாகவும், எல்லாம் மஞ்சளாக வந்ததைப் பார்த்துப் பயந்ததாகவும், பிறகு ஒன்றும் கெடவில்லை என்றும் எழுதியிருந்தார். அதைத் தமிழில் சொல்லச் சொல்லி இரண்டு தரம் கேட்டேன். யார் யாரோ அதில் கை வைத்தார்கள். இரண்டு வருஷத்தில் இது நான் எழுதினதுதானா என்று அவனுக்கே அடையாளம் தெரியவில்லை. அதற்காக அவன் வருத்தப்படவும் இல்லை. இதுவும் எனக்குப் புரியவில்லை.

இப்போது கல்யாண வீடுகளில் இந்தக் கதை வரும். ஒரு கட்சி, கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைக்கப் போய் மச்சினன் பிழைப்பைக் கெடுத்த அத்தான் என்று சொல்லும். இன்னொரு கட்சி, சரஸ்வதியே அவர் கையைப் பிடித்து அணைக்க வைத்தாள், இல்லாவிட்டால் எத்தனை பேர் நஷ்டப்பட்டிருப்பார்கள் என்று சொல்லும். எது சரி என்று என்னைக் கேட்பார்கள். சாமி அணைக்க வைத்தாள் என்றால், லைட் போச்சு என்று சொல்ல வைத்தது யார்? அதையும் அவள் தலையில் போட எனக்கு மனசு வரவில்லை. அணைத்தது என் முட்டாள்தனம்தான் என்றால், அந்த வெளியூர்க்காரருக்கு எதுவும் கெடாமல் போனதை எந்தப் பக்கம் எழுதுவது? இத்தனை வருஷமாகப் பூஜை அறையில் நின்று கேட்கிறேன். எனக்கு இன்னும் மஞ்சளாகத்தான் இருக்கிறது.

மைத்துனன் எழுதியதை யார் வேண்டுமானாலும் மாற்றலாம், அது அவன் கொடுத்த உரிமை. இதற்கு நான் அந்த உரிமை கொடுக்கவில்லை. இதைப் படித்தவர்கள் யாருக்காவது சொல்வதானால், ஒரு வேண்டுகோள். ஆறு பொட்டு என்றால் ஆறு என்றே சொல்லுங்கள். அணைத்தவன் நான் என்று சொல்லுங்கள். அற்புதம் எதையும் கூட்ட வேண்டாம். 'லைட் போச்சு மாப்ளே' என்று நான் சொன்னதை, வெட்கமாக இருந்தாலும், எடுத்துவிட வேண்டாம்.